வழியை மறைத்துவிட்டு, வழிதவறினான் என்பதா?

தோழனே!

"இந்நாட்டு இளைஞனுக்கு எதைப் படிப்பது என்றே தெரியவில்லை. ஒருவன் ஓடினால் ஊரே ஓடுகிறது. படித்து முடித்தபின் வேலை இல்லை என்று வீதியிலே நிற்கிறான். குற்றம் யாருடையது?" என்று கேட்கின்றனர், குளிரூட்டிய அரங்குகளிலே அமர்ந்திருக்கும் கனவான்கள். கேட்டுவிட்டு விடையையும் அவர்களே அளித்துவிடுகின்றனர். இளைஞன் குற்றவாளி. பெற்றவர்கள் உடந்தை. தீர்ப்பு முடிந்தது, வழக்கு மூடப்பட்டது, தேநீர் வருகிறது.

அந்தத் தீர்ப்பின் மீது மேல்முறையீடு செய்ய வந்திருக்கிறேன், உன்னுடைய மன்றத்திலே!

முதலில் அவர்கள் கையிலிருக்கும் குற்றப்பத்திரிகையைப் படித்துப் பார்ப்போம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ஆம் ஆண்டில் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டில் வேலையற்றிருந்தோரில் நூற்றுக்கு 83 பேர் இளைஞர்கள் என்கிறது அந்த அறிக்கை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே வேலையின்மை 3.4 விழுக்காடு, பட்டம் பெற்ற இளைஞரிடையே 29.1 விழுக்காடு!

கண்டாயா, தோழனே? இந்தக் கணக்கைக் காட்டி, "படிப்பதால்தானே இந்தப் பாடு" என்று பரிகசிக்கவும் சிலர் கிளம்பியிருக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுத்தறியாதவன் கிடைத்த கூலிக்குப் போகிறான். போகாவிட்டால் அன்றிரவு அவன் வீட்டு அடுப்பு எரியாது. வேலையற்றவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்கும் வசதிகூட அவனுக்கு இல்லை. பட்டம் பெற்றவனோ, படிப்புக்கேற்ற பணி கிடைக்கும் என்று காத்திருக்கிறான். காத்திருப்பது ஏன்? அப்படியொரு பணி காத்திருக்கிறது என்று அவனிடம் எவரோ கூறினர், அதனால் காத்திருக்கிறான்.

கூறியவர் யார்? அதுதான் கேள்வி! குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்பட வேண்டியவர் அவரே.

நெடுஞ்சாலையில் நட. இருமருங்கும் பார். வானளாவ விளம்பரப் பலகைகள். கழுத்துப் பட்டை கட்டிய காளையர், கைகட்டிச் சிரிக்கும் கன்னியர், "நூற்றுக்கு நூறு வேலை உறுதி" என்னும் வாசகம். அந்தப் பலகைதான் இன்று நம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்திருக்கும் வழிகாட்டி. நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகையால் அதை ஒரு காட்சியாகவே தருகிறேன். நடப்பது ஒரு சிற்றூரின் திண்ணையில். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்து ஒரு வாரம் ஆகிறது.

தரகர்: அண்ணே, இன்றைக்கே முன்பணம் கட்டிவிடுங்கள். நாளைக்கு இடம் இருக்காது.

தந்தை: நாங்கள் கூலி வேலை செய்கிறவர்கள், ஐயா. படித்து முடித்தால் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிடுமா?

தரகர்: கிடைத்துவிடுமாவா? கம்பெனிக்காரர்கள் கல்லூரி வாசலிலே வந்து நிற்கிறார்கள், அண்ணே!

மகள்: சார், போன வருடம் எத்தனை பேர் சேர்ந்து படித்தார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

தரகர்: நிறையப் பேருக்கு, பாப்பா.

மகள்: நிறைய என்றால் எத்தனை? சம்பளம் எவ்வளவு? ஒரு வருடம் கழித்தும் அந்த வேலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தரகர்: (தந்தையிடம்) பெண் பிள்ளை இவ்வளவு கேள்வி கேட்கலாமா, அண்ணே?

தந்தை: அவள் கேட்டதில் என்ன தப்பு, ஐயா? ஒரு மாடு வாங்கப் போனாலும் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்!

திரையை இங்கே இறக்கிவிடுகிறேன். மேடையிலே அந்தத் தந்தை கேட்டுவிட்டார். நாட்டிலே எத்தனை தந்தையரால் கேட்க முடிகிறது? கேட்டாலும் விடை கூறக் கடமைப்பட்டவர் யார்? மாட்டுச் சந்தையிலே உள்ள நியாயம் மாணவர் சேர்க்கையிலே இல்லை!

இதே ஊரிலிருந்து முப்பது கல் தொலைவில், நகரத்தின் நல்ல தெருவிலே ஒரு வீட்டைப் பார். அந்த வீட்டுப் பிள்ளையின் மாமன் வங்கியிலே மேலாளர். சித்தப்பன் கடல்கடந்த நாட்டிலே கணினிப் பொறியாளர். பக்கத்து வீட்டுக்காரர் தணிக்கையாளர். எந்தத் துறையிலே ஆள் எடுக்கின்றனர், எதிலே ஆட்குறைப்பு, எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும், எதைச் சொன்னால் மூடும் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்படுகின்றன. தகவலும் ஒரு சொத்து, தோழனே! நிலம்போல, நகைபோல, வீடுபோல, அதுவும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. நிலத்துக்காவது உச்சவரம்புச் சட்டம் போட்டனர். இந்தச் சொத்தைப் பகிர்ந்தளிக்க எவர் சட்டம் போட்டனர்?

பட்டத்தை முடிக்காமலே கல்லூரியை விட்டு மேடைக்கு வந்தவன் நான். பட்டம் பெற்றவர் மீது எனக்குப் பொறாமையும் இல்லை. பட்டத்தை நம்பிக் கெட்டவர் மீது ஏளனமும் இல்லை. ஓட்டப்பந்தயம் நடத்துகிறவன் ஒருவனுக்கு வழியைக் காட்டிவிட்டு, மற்றவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டு, "தோற்றான் பார்" என்று சிரிப்பானாயின், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும், நெடுங்காலமாகவே தெரியும்! இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945-ஆம் ஆண்டில், படையிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை தேடித் தர இந்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அமைந்தன. 1948-இல் அவை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. 1956 நவம்பர் முதல் நாளன்று அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-இல் சட்டமும் பிறந்தது. அரசுத்துறை நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆள் கணக்கை எழுதி அனுப்ப வேண்டும் என்றது சட்டம். மீறினால்? முதல் முறைக்கு 500 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த முறைகளுக்கு 1,000 ரூபாய் வரை! கோடிகளைப் புரட்டும் முதலாளி அந்த 500 ரூபாய்க்கு அஞ்சி உறக்கம் கெட்டிருப்பார் என்று நம்புகிறாயா?

திரட்டிய கணக்காவது எங்கே போயிற்று? கோப்பிலே படுத்தது, அறிக்கையிலே உறங்கிற்று, பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு வந்து சேரவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பெயரையும் மாற்றி, 'தொழில்வழி மையம்' என்று புதுப் பலகை மாட்டியிருக்கின்றனர். பலகையை மாற்றினால் போதுமா? பானையிலே சோறு வேண்டாமா?

அதே உலகப்போரிலிருந்து அமெரிக்க நாட்டு வீரர்களும் திரும்பினர். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 1949-ஆம் ஆண்டிலே தொழில்களின் எதிர்காலம் பற்றிய கையேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் என்ன வேலை, என்ன படிப்பு, என்ன ஊதியம், வருங்காலத்திலே அது வளருமா தேயுமா என்பவற்றை எழுதி வைத்தனர். அந்தக் கையேடு தலைமுறைகளைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறது. முதலாளித்துவ நாடு என்று நாம் சொல்லும் நாடு அது! அவர்களும் போர்வீரனுக்காகத் தொடங்கினர்; நாமும் போர்வீரனுக்காகத் தொடங்கினோம். அவர்கள் புத்தகம் போட்டனர். நாம் வரிசை போட்டோம். பதிவு அட்டையைக் கையிலே கொடுத்து, "வரிசையிலே நில், அழைப்பு வரும்" என்றோம். அட்டையின் ஓரம் தேய்ந்தது; அழைப்பு வரவில்லை.

வழி தெரியாத நிலையிலே ஊர் ஓடிய திசையில்தான் ஒருவன் ஓடுவான். இதை 1976-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு ஃப்ரீமன் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பொறியாளர்களின் தொடக்க ஊதியத்தை ஆராய்ந்து விளக்கினார். 'சிலந்திவலை' என்று அதற்குப் பெயர். இன்றைக்கு ஒரு துறையிலே ஊதியம் உயர்ந்திருக்கும். அதைக் கண்டு ஆயிரம் பேர் அந்தப் படிப்பிலே சேர்வர். நான்காண்டு கழித்து ஆயிரம் பேரும் ஒன்றாக வெளியே வருவர், ஊதியம் விழும், வேலை அருகும். விழுந்ததைக் கண்டு அடுத்த கூட்டம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. மறுபடி நான்காண்டு கழிந்தால் அங்கே ஆள் பஞ்சம்! இப்படி மாறி மாறிச் சிக்குவதிலே மாணவனின் மடமை எங்கே இருக்கிறது? நான்காண்டுக்குப் பிறகு வரும் நிலையைச் சொல்ல எவருமில்லாதபோது, இன்று கண்ணெதிரே காண்பதை வைத்துத்தானே அவன் கணக்குப் போட முடியும்?

நம் தமிழகத்திலே இதைக் கண்ணாரக் கண்டோம். 1984-க்குப் பின் தனியார் பொறியியற் கல்லூரிகள் முளைத்தன; 2010-களிலே 500-க்கு மேலாயின. கணினித் தொழில் 2001-லும் 2008-லும் அடிவாங்கியது. கூட்டம் இயந்திரப் பொறியியலுக்கும் கட்டடப் பொறியியலுக்கும் திரும்பிற்று. அவர்கள் பட்டத்தோடு வெளிவந்தபோது அங்கே இடமில்லை. அடுத்து வந்தோர் அந்த வகுப்பறைகளை வெறுமையாக்கிவிட்டுக் கணினியை நோக்கிப் பாய்ந்தனர். 2020 முதல் புதிய பொறியியற் கல்லூரிகளே வேண்டாம் என்று 2018-இல் மோகன் ரெட்டி குழு பரிந்துரைத்தது. தடை போட்டனர், 2023-இல் தடையை எடுத்தனர். 2024–25 முதல், தகுதி காட்டும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தாம் என்ற வரம்பையும் எடுத்தனர். விற்பவனுக்குத் தளர்வு மேல் தளர்வு. வாங்குகிறவனுக்கு ஒரு வரித் தகவல் உண்டா?

"தரவரிசை வெளியிடுகிறோமே" என்பர். ஆம், மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. எத்தனை பேருக்கு வேலை, நடுத்தர ஊதியம் எவ்வளவு என்பதும் அதிலே உண்டு. கணக்கைக் கொடுப்பவர் யார்? கல்லூரியேதான்! கடைக்காரனே எடைபோட்டு, கடைக்காரனே முத்திரையும் குத்திக்கொள்வது எந்தச் சந்தை நியாயம்?

தகவலைச் சொல்லாமல் விட்ட கதை இது. தகவலை மறைத்த கதையும் உண்டு, கேள். நாட்டின் தொழிலாளர் நிலையை அறியும் காலமுறைக் கணக்கெடுப்பு 2017-இல் தொடங்கியது. முதல் அறிக்கையின் கணக்கு: 2017–18-இல் வேலையின்மை 6.1 விழுக்காடு. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். அறிக்கை வெளிவரவில்லை. தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவராக இருந்த பி.சி. மோகனனும், உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் 2019 சனவரியில் பதவி விலகினர். நாளேடு ஒன்று கணக்கை அம்பலப்படுத்தியது. அப்போதும் அரசு அசையவில்லை. தேர்தல் முடிந்து, புதிய அமைச்சரவை பொறுப்பேற்ற மறுநாள், 2019 மே 31 அன்று, அதே 6.1 விழுக்காடு அதிகாரப்பூர்வமாக வெளிவந்தது!

வேலையைத் தேடும் பிள்ளையிடமிருந்து வேலையின் கணக்கை ஒளித்துவைத்த கை, அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீ சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை" என்று விரல் நீட்டலாமா? வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, விளைச்சல் இல்லை என்று உழவனை ஏசுவது போலன்றோ இருக்கிறது!

"தகவல் கொடுத்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று அலட்சியம் பேசுவோரும் உளர். ஆகும் என்பதற்குச் சான்று இந்த மண்ணிலேயே உண்டு. தில்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் 160 சிற்றூர்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 80 ஊர்களுக்கு மட்டும், தொலைபேசிப் பணி நிறுவனங்களுக்கு ஆள் சேர்ப்போரை மூன்றாண்டுகள் அனுப்பிவைத்தார் ராபர்ட் ஜென்சன் என்னும் ஆய்வாளர். அவர்கள் சென்று செய்ததெல்லாம், இன்ன வேலை இருக்கிறது, இன்ன தகுதி வேண்டும், இப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று பெண்களுக்கு எடுத்துக் கூறி உதவியதே. 2012-இல் வெளிவந்த அவருடைய முடிவைக் கேள்: அந்த ஊர்களிலே இளம்பெண்களின் திருமணம் தள்ளிப்போயிற்று, அவர்கள் வேலைக்கும் பயிற்சிக்கும் போயினர், சிறுமியர் பள்ளியிலே கூடுதலாகப் படித்தனர், அவர்கள் உடல்நலமும் மேம்பட்டது. சீர்திருத்தச் சொற்பொழிவு நிகழ்த்தி நாம் செய்ய முயல்வதை, வேலை பற்றிய செய்தி ஓசையின்றிச் செய்தது!

இதே அறிஞர் டொமினிக்கன் குடியரசிலே, எட்டாம் வகுப்பு மாணவரிடம், மேற்படிப்பு படித்தோர் உண்மையில் பெறும் ஊதியத்தைக் கூறிப் பார்த்தார். பிள்ளைகள் நினைத்திருந்ததைவிட அது மிக அதிகம். கேட்டவர்கள் கூடுதலாகப் படித்தனர். ஆனால், தோழனே, அதிலே ஓர் உண்மை நெஞ்சைச் சுடுகிறது: மிக ஏழையான பிள்ளைகளின் படிப்பு அதனால் கூடவில்லை. படித்தால் பயன் என்று அவர்களும் அறிந்தனர்; படிக்கத்தான் பணம் இல்லை. வழி தெரிந்தால் மட்டும் போதாது, வழிச்செலவும் வேண்டும். உதவித்தொகையும் தகவலும் வண்டியின் இரண்டு மாடுகள். ஒன்றை அவிழ்த்துவிட்டு மற்றொன்றைச் சாட்டையால் அடித்துப் பயனில்லை.

தகவல் என்றால் எது தகவல்? "பத்தாயிரம் பேருக்கு வேலை" என்னும் தலைப்புச் செய்தி தகவலாகிவிடாது. 2006-இல் திருப்பெரும்புதூரிலே நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது ஊரெல்லாம் உவகை. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் சீருடை அணிந்து பேருந்து ஏறினர். 2014 நவம்பர் முதல் நாளன்று ஆலை உற்பத்தியை நிறுத்தியது. எட்டே ஆண்டுகள்! இருபது வயதிலே நுழைந்தவன் இருபத்தெட்டிலே வெளியே நின்றான், ஓர் அலைபேசியின் ஓர் உறுப்பைப் பொருத்தும் திறமையோடு. ஆகவே, இடம் எத்தனை என்பதோடு, நிரந்தரமா ஒப்பந்தமா, ஐந்தாண்டு கழித்து ஊதியம் என்ன, அங்கே கற்ற தொழிலை வேறிடத்திலே விற்க முடியுமா, பெண்ணுக்குத் தங்குமிடம் எப்படி என்பதையும் சொல்லும் கணக்கே கணக்கு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "கணக்குப் பார்த்து வழிகாட்டுகிறோம்" என்று கூறிக்கொண்டே கதவைச் சாத்தும் கைகளும் உண்டு. "உன் ஊரிலே நெசவுக்கு ஆள் வேண்டும், நீ நெசவே செய், உன் மாவட்டத்திலே மருத்துவருக்கு இடமில்லை, நீ மண்வெட்டி எடு" என்பர். நாம் கேட்காத பாட்டா இது? 1953-ஆம் ஆண்டில் இம்மண்ணிலே, பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-இல் அது குழிக்குள் போயிற்று. அந்தப் பிணம் புள்ளிவிவர உடை உடுத்திக்கொண்டு மீண்டும் எழுந்துவர விடலாகாது. விளக்கை ஏற்று என்று கேட்கிறோம். வேலி போடு என்று கேட்கவில்லை. எல்லா வழிகளையும் காட்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கே!

தகவல் வேலையைப் படைத்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். 2024-இல் நான்காம் தொகுதிப் பணிகளுக்குத் தமிழ்நாடு தேர்வாணையம் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 20 இலட்சம் பேர்! எத்தனை சிறந்த வழிகாட்டி வந்தாலும் அந்த 20 இலட்சத்தை 6,244 நாற்காலிகளிலே உட்கார வைக்க முடியாது. ஆயினும் அந்த விகிதத்தைப் பதினைந்து வயதிலே அறிந்த பிள்ளை, இருபத்தெட்டு வயது வரை ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்க மாட்டான். இன்னொரு கதவுக்கும் ஆயத்தமாவான். எங்கே வேலை இருக்கிறது என்று காட்டும் பட்டியல், எங்கே வேலை இல்லை என்பதையும் காட்டிவிடும். மாணவனுக்கு அது வழிகாட்டி. ஆள்வோருக்கு அது குற்றப்பத்திரிகை. அதனாலன்றோ அவர்கள் அதைக் கண்டு அஞ்சுகின்றனர்!

ஆகவே நாம் கேட்பது இவை: ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, அந்தந்த மாவட்டத்தின் தொழில் கணக்கு தமிழிலே வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும், சேர்ந்தோர் எத்தனை, முடித்தோர் எத்தனை, வேலை பெற்றோர் எத்தனை, ஓராண்டு கழித்து நிலைத்தோர் எத்தனை என்பதை வெளியார் தணிக்கையோடு வெளியிட வேண்டும்; பொய் சொன்னால் இடங்களைக் குறைக்க வேண்டும். நாட்டின் வேலைக் கணக்கு குறித்த நாளில், தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும், வெளிவர வேண்டும். 2022 மார்ச் முதல் நாளன்று தமிழகத்திலே தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம், வழிகாட்டுதலை அரசுப் பள்ளியின் வாசலுக்குக் கொண்டுவந்தது. வாசல் திறந்தது நன்று. உள்ளே இந்தக் கணக்கு விளக்காக எரிய வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதா? உன் ஊரிலே படிப்பகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான்கு தோழர்கள் கூடுங்கள். கடந்த பத்தாண்டுகளில் உன் ஊர்ப் பள்ளியை முடித்தவர்களின் வீடுகளுக்குச் செல்லுங்கள். என்ன படித்தார்கள், எவ்வளவு செலவாயிற்று, இப்போது என்ன வேலை, என்ன ஊதியம், நிரந்தரமா என்று கேளுங்கள். பெயரை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் ஒரு தாளிலே எழுதிப் படிப்பகச் சுவரிலே ஒட்டுங்கள். தரகன் திண்ணைக்கு வரும்முன் அந்தத் தாள் திண்ணைக்கு வரட்டும். கொடி கட்டத் தெரிந்த கைக்குக் கணக்கு எழுதத் தெரியாதா, தோழனே?

பள்ளிக் கதவு மூடியிருந்த காலத்திலே, 'கல்வி எங்கள் உரிமை' என்று முழங்கினோம், கதவு திறந்தது. உள்ளே சென்ற பிள்ளை இன்று மறுவாசலிலே வந்து நின்று, "எந்தப் பக்கம் போவது?" என்று கேட்கிறான். அவனுக்கு விடையளிக்காமல், "வழிதவறினான்" என்று எவரேனும் உன்னெதிரே இகழ்ந்தால், ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேள்:

வழியை அவனுக்குக் காட்டியது யார்?